சொப்புக்கு ஒரு பிறந்தநாள்

ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலம் கடைத்தெருவில் நடந்தால், துண்டும் நேந்திரம் சிப்ஸும் தொங்கும் கடைகளுக்கு நடுவே ஓலைப்பெட்டியில் மரச்சொப்பு இருக்கும். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, குடம், அடுப்பு: ஒரு முழுச் சமையற்கட்டே கைக்குள் அடங்கிவிடும்.

இதற்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூரிகையே வேண்டாம். அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்தவர்களுக்கு பிளாஸ்டிக் பொம்மை பிடிக்காது.

தென்காசிப் பக்கம் நாலைந்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தால் பலூன் வளைவுக்குச் செலவழிக்கும் பணத்தில் சொப்பு வாங்குங்கள் என்பேன். பாயை விரித்து, பிள்ளைகளைக் கூட்டாஞ்சோறு ஆக்கச் சொல்லுங்கள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் போதும், நிஜமாகவே தின்னலாம். யார் அம்மா, யார் விருந்தாளி என்பதை அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் வந்தால் மட்டும், வாயில் போடும் அளவுள்ள கரண்டி, கிண்ணத்தை முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.