கழிவும் கலையும்: மலையகக் கலவை ஊடகக் கலை பற்றிய ஒரு குறிப்பு

கழிவுப் பொருள்களைக் கொண்டு கலை படைத்தல் என்னும் தொடர் இன்று ஓவியக் கண்காட்சிக் குறிப்புகளிற் பெருவழக்காகிவிட்டது. ஆயின், கழிவு என்பது பொருளின் இயல்பன்று. உற்பத்தி உறவுகளே அதனைத் தீர்மானிக்கின்றன. தலவாக்கலையில் நின்று நோக்குவார்க்கு இது எளிதிற் புலப்படும். அங்குள்ள சென். கூம்ஸ் தோட்டத்திலேயே தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. தொழிற்சாலைச் சல்லடையில் எஞ்சும் காம்பும் நாரும்கூட உடைமையாளனின் சொத்தே. 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கழிவுத் தேயிலையையும் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியமை ஈண்டு மனங்கொளத்தக்கது. உயர்ந்த இரகம் கப்பலேற, லயத்துக்குப் பெரும்பாலும் தூளே வந்து சேர்கின்றது.

லயத்து மக்கள் எதனையும் எளிதில் எறிந்துவிடுபவரல்லர். பழஞ்சேலை தொட்டிலாகின்றது, சாக்கு இடுப்பிற் கட்டும் படங்காகின்றது, தேயிலைப் பெட்டிகள் புழக்கத்திலிருந்த காலத்தில் அவற்றின் பலகை தட்டாகியது. இதனைக் கலையென எவரும் அழைத்ததில்லை. 1912இல் பிக்காசோ ஓவியப் பரப்பில் மெழுகுத்துணியை ஒட்டியதும், 1919 முதல் ஷ்விற்றர்ஸ் பயணச்சீட்டுகளையும் காகிதத் துண்டுகளையும் பொறுக்கிச் சேர்த்ததும் தேர்வின்பாற்பட்டவை. லயத்தில் நிகழ்ந்ததோ நிர்ப்பந்தத்தின்பாற்பட்டது. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ‘மீள்பயன்பாடு’ என ஒரே பெயரால் அழைப்பது வறுமையை அழகுபடுத்துவதேயாகும்.

இப்பின்னணியிலேயே ஹற்றனைச் சேர்ந்தவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயின்றவருமான ஹனுஷா சோமசுந்தரத்தின் ஆக்கங்களை நாம் நோக்குகின்றோம். பயன்படுத்தப்பட்ட தேநீர்ப் பைகளும் தேயிலைக் கறையும் அவருடைய ஊடகங்கள். கொழுந்து பறிப்பவர் இலையை அறிவார்; அருந்துபவர் பையை அறிவார். சந்தை பிரித்துவைத்த இவ்விருவரையும் கறை ஒரே பரப்பிற் கொணர்ந்து நிறுத்துகின்றது. பறிப்பவரின் விரல்களிற் படிவதும் கறையே. மூலப்பொருளே இங்கு உள்ளடக்கமாகிவிடுகின்றது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு எனப் பிரித்துப் பேசிப் பழகிய நம் விமர்சன மரபுக்கு இது சற்றுச் சங்கடமானதுதான்.

எனினும் இத்தகைய கலைக்கு ஓர் அபாயமும் உண்டு. கறை தானாகவே உணர்த்துவதை விளக்கும் பொருட்டுக் கூடை சுமந்த பெண்ணின் உருவமும் சேர்க்கப்படுமாயின், ஆக்கம் உல்லாசப் பயணத்துறைச் சுவரொட்டியின் அயலிற் போய் நின்றுவிடும். தேயிலைப் பொட்டலங்களில் அவ்வுருவத்தை நாம் போதியளவு கண்டுவிட்டோம்.

காட்சிக்கூடக் கலை தொழிலாளரை எட்டாதென்பதால் அது பயனற்றதென நம்மவருட் சிலர் கூறுவர். எட்டாமை மெய்யே, ஆயின் அக்குறை ஆக்கத்தினுடையதன்று, அது வைக்கப்படும் இடத்தினுடையது. பழைய பீக்கொக் தோட்டத்து லயமொன்றில், 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இயங்கிவருகின்றது. தொழிலாளர் புழங்கிய பொருள்கள் அங்கே பேணப்படுகின்றன. கொழும்பில் தொங்கும் தேநீர்ப் பைகள் சிலகாலமேனும் அப்பொருள்களின் அருகே வைக்கப்படவேண்டும். தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு சென்றுவருதல் இயலாததன்று.