வலது சுவிட்சுக்குப் பதவி உயர்வு

மவுஸ் கெட்டதும் தூக்கி எறிகிறவர்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள்! ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கொத்தமங்கலத்து வீட்டு முகப்பில் நான் அனுபவிக்கிற ஆனந்தத்தை நீங்கள் கோட்டை விடுகிறீர்கள். கதை முடிந்தது என்று ஒதுக்கிய மவுஸ் மறுபடி சுத்தமாக ஒரே ஒரு 'டிக்' சொல்லும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அடடா!

"தம்பி, புதுசு ஒண்ணு வாங்கிப்புடேன், இதுக்குப் போயி இம்புட்டு நேரமா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்பார். "வாங்கலாம் ஆச்சி, ஆனா இந்த ருசி கிடைக்காதே" என்பேன்.

மவுஸ் ஒளிவுமறைவு இல்லாதது. அது படுத்தும் விதத்தை வைத்தே பெரும்பாலும் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லிவிடலாம். முதலில் வேறு யூஎஸ்பி துளையில், முடிந்தால் வேறு கணினியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே வம்பு என்றால்தான் குற்றவாளி மவுஸ்.

அம்புக்குறி திசைகெட்டுத் துள்ளுகிறதா? ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அடியில் பாருங்கள். மவுஸின் வயிற்றில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேலான படங்களை எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடுகிறது. அதற்குப் பிடிமானமாக மேற்பரப்பில் நுணுக்கமான சொரசொரப்பு வேண்டும். எங்கள் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லோ கண்ணாடியின் மேல் கலவை ஊற்றி வார்க்கப்படுவது. அதன் பளபளப்பில் சாதாரண மவுஸ் தடுமாறலாம். ஒரு தாளை விரித்து ஓட்டிப் பாருங்கள். சரியானால் வைத்தியம் முடிந்தது, செலவு பூஜ்யம். சரியாகவில்லையா? சென்சார் துளையில் முடியோ தூசியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து ஊதிவிடுங்கள்.

ஒயரை அசைத்தால் உயிர் வந்து வந்து போகிறதா? மவுஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் உள்கம்பி அறுந்திருக்கும். அந்தத் துண்டை வெட்டியெறிந்துவிட்டு, நிறத்துக்கு நிறம் சேர்த்து ஒட்டினால் போதும். பெரும்பாலும் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் தகவல் கம்பிகள்.

என் செல்லக் கோளாறு மூன்றாவது. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவவிடும். பில் போடுகிறவர்களையும் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறவர்களையும் அழவைப்பது இதுதான்.

அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையையோ லேபிளையோ பக்குவமாக உரியுங்கள். ஸ்க்ரூ அங்கேதான் ஒளிந்திருக்கும். திறந்தால் பொத்தானுக்குக் கீழே விரல்நகத்தைவிடச் சின்னதாய் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் மைக்ரோ சுவிட்ச். அதற்குள் செம்பு உலோகக் கலவைத் தகடு ஒன்று, நடு நாக்கு வில்லாக வளைந்து விறைத்து நிற்கும். அழுத்தினால் சட்டென்று மறுபக்கம் தாவும். காலமெல்லாம் நாம் கேட்கிற 'டிக்' அந்தத் தாவல்தான்!

பல மவுஸ்களில் இருக்கும் ஆம்ரான் சுவிட்சின் ஆயுள் 1 கோடி அழுத்தம். நாளைக்கு 5,000 அழுத்தம் என்றால் 2,000 நாள். தகடு தளர்வதும் முனைகளில் படலம் படிவதும்தான் முடிவின் ஆரம்பம். மவுஸில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் அந்தப் படலத்தைத் தானே சுட்டெரிக்கவும் வலுவில்லை. தொடர்பு விட்டு விட்டு வரும், மவுஸ் அதை இரண்டு அழுத்தமாக எண்ணிவிடும். உலோகம் அரிப்பதையும் ஆராய்கிற, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் அடித்தளமாக, காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! அங்கே பாலத்துக்கும் கப்பலுக்கும் பார்க்கிற அதே வியாதி, இங்கே ஊசிமுனை அளவில்.

இனி வருவது தந்திரம். இடது சுவிட்ச் உழைத்து ஓய்ந்திருக்கும்; வலது சுவிட்சோ பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே ரகமா என்று பார்த்து, ஈயத்தை உறிஞ்சியெடுத்து, இடம் மாற்றிவிடுங்கள்! சுவிட்சின் தலைப்பொத்தான் நடுவில் இராது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். முன்பு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் பார்க்கவேண்டும், அது ஒன்றுதான் பத்தியம். மூன்று காலையும் ஒட்டிவிட்டுச் சொருகிப் பார்த்தால்... ஒரே டிக், ஒரே கிளிக்! காசு செலவில்லாமல் கைராசிக்காரன் என்ற பேர். சால்டரிங்கே வேண்டாம் என்றால் மூடியைக் கழற்றித் தகட்டை நிமிர்த்தலாம். அதற்கு முனை கூரான இடுக்கியும் பூனைப் பொறுமையும் வேண்டும்.

1964-இல் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் யோசனைக்கு பில் இங்கிலீஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒற்றைப் பொத்தான். தேக்கில் விளையாடும் நம்மூர்த் தச்சர் கையில் கொடுத்தால் பார்த்த மாத்திரத்தில் பிரித்துப் போட்டிருப்பார். இன்றைய மவுஸும் அவ்வளவு தூரம் போய்விடவில்லை, திறந்து பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். இதனால்தான் இதன் மேல் எனக்கு இத்தனை மோகம்.

அடுத்து என் மேஜையில் காத்திருப்பது ஸ்க்ரோல் சக்கரம் முன்னுக்குப் பின் ஓடும் ஒரு மவுஸ். முதலில் சக்கரத்தின் அச்சில் சுற்றிய முடியை எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிப் பார்ப்பேன். மசியாவிட்டால் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடரை மாற்றவேண்டியதுதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்குமுன் அதன் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொள்ளுங்கள், ஒவ்வொரு மவுஸுக்கும் ஒரு உயரம். வீட்டில் கெட்ட மவுஸ் கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடுங்கள்!