தடையற்ற எழுத்தும் சொந்தக் குரலும் – ஒரு நோக்கு

எழுத விரும்பும் ஒருவர் நாள்தோறும் சிறிது நேரம் கையை நிறுத்தாமலும் எழுதியதைத் திருத்தாமலும் எழுதிவரின், அவர்தம் சொந்தக் குரல் வெளிப்படும், மறந்த நினைவுகளும் மீளும் என்னும் கருத்து ஆங்கில எழுத்துப் பயிற்சி நூல்களிலே நெடுங்காலமாக வற்புறுத்தப்பட்டு வருகின்றது. அமெரிக்க எழுத்தாளரான டொறோதியா பிராண்ட் 1934 இல் வெளியிட்ட நூலில், வழக்கத்திலும் அரைமணி முன்னதாக எழுந்து, எவருடனும் பேசுமுன்னும் பத்திரிகையைப் பார்க்குமுன்னும் எழுதுமாறு கூறினார். பீற்றர் எல்போ 1973 இல், பத்து நிமிடம் இடையறாது எழுதும் பயிற்சியை விளக்கினார். இம்முறையின் பயனை மறுப்பது எமது நோக்கமன்று. தடையின்றி வருவதெல்லாம் சொந்தக் குரல்தானா என்பதே எம்முன் உள்ள வினாவாகும்.

தமிழில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே பெரும் இடைவெளியுடைய மொழி நம்முடையது. 1960 களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டம், எந்தத் தமிழில் எழுதுவது என்பது தனிமனித விருப்பம் மாத்திரமன்று, சமூக வினாவுமாகும் என்பதை உணர்த்திற்று. பேனையைக் கையிலெடுத்த மாணவன் தடையின்றி எழுதத் தொடங்கினால் முதலில் வருவது அவனது குரலன்று. பரீட்சை விடைத்தாளின் தமிழும் மேடைப்பேச்சின் தமிழுமே. தங்குதடையின்றி ஓடக்கூடியது பழகிய வாய்பாடு என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

நினைவுகளின் நிலையும் இத்தகையதே. இக்கட்டுரையாளன் ஒரு மாத காலம் காலைதோறும் இம்முறைப்படி எழுதிப் பார்த்ததுண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது பூட்டிவந்த வீட்டைப் பற்றியே பக்கங்கள் நிறைந்தன. கிணற்றடித் துலா கிறீச்சிடும் ஓசை அவற்றில் மீண்டும் மீண்டும் வந்தது. அப்பக்கங்களைத் தாயாருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார்: “எங்கட கிணத்தில எப்பயடா துலா இருந்தது? கப்பியும் வாளியுமெல்லோ!” துலா எம் வளவிலிருந்து வந்ததன்று, படித்த சிறுகதைகளிலிருந்து வந்தது.

இது தனியொருவரின் மறதியன்று. உளவியலறிஞர் பாட்லெற் 1932 இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைக் கேம்பிரிட்ஜ் வாசகர்கள் நினைவிலிருந்து திரும்ப எழுதியபோது, பழக்கமற்ற சிறு ஓடம் பழகிய படகாக மாறியதை எடுத்துக்காட்டினார். நினைவு பெட்டகத்தில் வைத்த பொருளன்று. எடுக்குந்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. கட்டுவதற்குக் கைக்கெட்டும் பொருள்களோ பெரும்பாலும் பிறர் தந்தவை.

அவ்வாறாயின் நாளாந்த எழுத்தினாற் பயனில்லையா? உண்டு. ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பு இதற்குச் சான்றாகும். கப்பல் வரவு, வாணிகம், ஊர்ப்பேச்சு, ஆளுநருடன் நிகழ்ந்த உரையாடல் என்பவற்றை, பேச்சுத்தமிழும் பிறமொழிச் சொற்களும் விரவிய நடையில் அவர் எழுதினார். அவர் தம் குரலைத் தேடியதாகத் தெரியவில்லை. கண்டதையும் கேட்டதையும் உடனுக்குடன் பதிந்தார். ஆயினும் இன்று நாம் அதிலே கேட்பது வேறெவருடையதுமல்லாத ஒரு குரலையே. குரல் என்பது உள்ளே புதைந்திருந்து தோண்டியெடுக்கப்படுவதன்று. உலகை உற்றுநோக்கும் பயிற்சியால் உருவாவது என்பதை இது காட்டுகின்றது.

எனவே தடையற்ற எழுத்து பணியின் முற்பாதியே. எழுதியதை மறுநாள் எடுத்து, எது கண்டது, எது கேட்டது, எது படித்தது எனப் பிரித்தறிவதே பிற்பாதி. எல்போவும் எழுதியதைப் பிறர்முன் வாசித்து, அவர்கள் உள்ளத்தில் நிகழ்ந்ததைக் கேட்டறியும் குழுவை வலியுறுத்தினார் என்பது பலராலும் மறக்கப்படுகின்றது.

இடப்பெயர்வைக் கண்ட சமுதாயத்துக்கு இப்பிற்பாதி இன்றியமையாதது. வீடுகளும் ஆவணங்களும் அழிந்த இடங்களில் நினைவே சாட்சியாகின்றது. எல்லோர் கிணற்றிலும் ஒரே துலா கிறீச்சிடுமாயின், நாளைய வாசகன் எவர் கிணற்றையும் நம்பமாட்டான். நாள்தோறும் எழுதுவோம், ஆயின் கப்பியைக் கண்டவர்கள் எம்மிடையே உள்ளபோதே அவர்களிடம் வாசித்தும் காட்டுவோம்.