நடுச்சாம்பலின் அரசியல்: பயணப் புகைப்படம் கற்பது குறித்துச் சில குறிப்புகள்

டிஜிட்டல் கேமராவைப் புதிதாகக் கையில் எடுக்கிறவனுக்கு முதலில் மூன்று சொற்கள் கற்பிக்கப்படுகின்றன: அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ. ஒளி எவ்வளவு பெரிய துளை வழியாக வரவேண்டும், எவ்வளவு நேரம் வரவேண்டும், பதிவானதை எவ்வளவு பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சாரம். பத்து நாளில் பிடிபட்டுவிடும். கூடவே வேறு சிலவும் 'விதிகள்' என்ற பெயரில் உள்ளே நுழைகின்றன. நடுப்பகலில் எடுக்காதே. சட்டகத்தை மூன்றாகப் பிரி. தேவையற்றதை வெளியேற்று. இந்தத் 'தேவையற்றது' எது, யாருக்குத் தேவையற்றது என்று எந்தக் கையேடும் பேசுவதில்லை. தொழில்நுட்பமாக வேடம் போட்டுக்கொண்டு வருகிற அழகியல் இது. அழகியலாக வேடம் போட்டுக்கொண்டு வருவது என்ன என்பதுதான் நம் கேள்வி.

பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு சென்ற ஆண்டு தனுஷ்கோடிக்குப் போனேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் அங்கே இருக்கிறார்கள். கரைவலை இழுக்கிறார்கள், மணலைத் தோண்டி ஊற்றில் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு கார்கள் வந்து குவிகின்றன. வருகிறவர்கள் எல்லோரும் இடிந்த தேவாலயத்தை எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். சட்டகத்துக்குள் சங்கும் சிப்பியும் விற்கும் ஓர் அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா" என்றேன். பேசாமல் தள்ளிக்கொண்டார்.

இந்தத் 'தள்ளிக்குங்க'வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். கோபுரங்களின் கல் கல்லான நுணுக்கம் அவற்றில் உண்டு, மனிதர்கள் அரிது. அன்றைக்கு ஒரு படம் பதிவாக நெடுநேரம் பிடித்தது, அசைகிறவர் பதியமாட்டார் என்று ஒரு தொழில்நுட்பச் சமாதானம் சொல்லலாம். நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். இருந்தும் 'ஆள் வராத' படத்துக்காகக் காத்திருக்கிறோம். ஆளில்லாத இடிபாடு என்கிற படிமம், 'வாழத் தகுதியற்ற இடம்' என்கிற அரசு ஆணையின் காட்சி வடிவம் அல்லாமல் வேறென்ன?

மனசு உறுத்தியது. திரும்பிப்போய், அக்காவையே ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். எடுத்தவுடன் கேமராவின் திரையில் காட்டினேன். ஃபிலிம் காலத்தில் இது சாத்தியமில்லை. படமாக்கப்படுகிறவர் அங்கேயே நின்று மறுப்புச் சொல்ல முடிவது டிஜிட்டலில் உள்ள முக்கியமான சங்கதி. அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மணலு நல்லா விழுந்திருக்கு. எம்மூஞ்சி எங்க தம்பி?"

முகம் இருந்த இடத்தில் ஓர் இருட்டு. 'சில்லவுட்' என்று சொல்லிச் சமாளிக்கலாம், அதற்கு அழகியல் அங்கீகாரம் உண்டு. உண்மைக் காரணம் வேறு. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியில் ஒரு நடுச்சாம்பல் என்று நம்புகிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது மரபான கணக்கு. வெள்ளை வேட்டியைச் சட்டகம் நிறைய எடுத்துப் பாருங்கள், பிறகு கறுப்புக் குடையை. தானியங்கி நிலையில் விட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வரும். உச்சி வெயிலில் பளீரென்ற மணலைப் பார்த்த மானி, ஒளி அதிகம் என்று படத்தையே இருட்டாக்கியது. மணல் தப்பித்தது, முகம் போயிற்று. சரி, முகத்தை மட்டும் அளக்கச் சொன்னால்? கருத்த முகத்தையும் அது நடுச்சாம்பலாக்கும். உள்ள நிறத்தைவிட வெளுப்பாகக் காட்டும். ஒன்று முகத்தை அழிக்கும், இல்லையென்றால் வெளுக்கும். கருப்பு கருப்பாகவே இருக்கலாம் என்பது அதன் கணக்கில் கிடையாது.

இயந்திரம் நடுநிலையானது என்கிற சொல்லாடலை இங்கேதான் கேள்விக்குள்ளாக்க வேண்டும். சராசரியை நிர்ணயித்தவர் யார்? 1950கள் தொடங்கி அமெரிக்க ஃபிலிம் கூடங்களில் நிறச் சமன்பாட்டைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. ஒளிமானியின் கதையும் ஷர்லியின் கதையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஒரு 'இயல்பு' முன்கூட்டியே வைக்கப்பட்டு, மற்றதெல்லாம் அதிலிருந்து விலகல் என்றாக்கப்படுகிறது.

கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பித்தான் ஒன்று இருக்கிறது. ஒன்றரை நிறுத்தம் கூட்டி மறுபடி எடுத்தேன். முகம் வந்தது: நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, வெயிலுக்குச் சுருங்கிய கண். பின்னாலிருந்த கடலும் வானமும் வெளுத்துக் காணாமல் போயின. கையேட்டின்படி இது கெட்டுப்போன படம். எதன் விவரத்தை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதை அந்தப் பித்தானில் நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 'நடுப்பகலில் எடுக்காதே' என்பதையும் இப்படியே வாசிக்கலாம். கார்கள் வந்து நிற்பது நடுப்பகலில்தான், அக்காவின் வியாபாரமும் அப்போதுதான். பொன்னொளி நேரத்தில் மட்டும் போகிறவனுக்கு அவர் இல்லவே இல்லை.

இத்தனையும் எழுதிவிட்டதால் நான் யோக்கியன் ஆகிவிடவில்லை. சட்டகத்தைத் தீர்மானித்தது நான். அந்த முகத்தை வைத்து இந்தப் பக்கங்களில் கட்டுரை எழுதுவதும் நான். இரண்டாவது படத்தைப் பார்த்துவிட்டு, "இது நாந்தான். ஒரு காப்பி குடுப்பீகளா?" என்று கேட்டார். சரி என்றேன். கோப்பு இன்னும் என் கணினியில்தான் கிடக்கிறது. இந்த இதழ் அச்சாகி வருவதற்குள் அந்தப் படத்தைக் காகிதத்தில் போட்டு அரிச்சல்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதைச் செய்யாதவரை மேலே சொன்ன அரசியலெல்லாம் வெறும் பேச்சுதான்.