ஓரியின் மலையில் விளைத்தவன் எங்கே?

புறநானூற்று 153ஆம் பாடலில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் ஓரியைப் புகழ்கிறார். அவன் கொடையால் பசி தீர்ந்த பாணர் ஆடலையும் பாடலையும் மறந்தனராம்! நயமான பாட்டு, மறுப்பார் யார்? ஆனால், கொடுத்தவன் பெயர் நின்றது. விளைத்தவன் பெயர் எங்கே?

இன்றும் அதே பார்வைதான். ஆடிதோறும் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. மேடையெங்கும் வள்ளல் புகழ். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைத்த சரிவுகளிலோ மரவள்ளி மண்டிக் கிடக்கிறது; அதற்கு விலை கூறுவது சமவெளிச் சேகோ ஆலை. 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வருவோர்க்கு விடுதிகள் பெருகின. உழவன் மகன் அங்கே அறை துடைக்கிறான்.

பாட்டில் பழுதில்லை, தோழர்களே! அதைக் கொடைப் புகழாக மட்டுமே படிக்கும் நம் கண்ணில்தான் பழுது. மலைமகன் கேட்பது பரிசிலன்று. நிலத்தின் உரிமை, உழைப்பின் விலை!