நூறு வார்த்தைகள்

கல்லூரி மாணவர்களுக்கு எழுத வரவில்லை என்பது புதுப் புகார் அல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1874-ல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. வந்த விடைகளைப் படித்த ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 1885-ல், ரசாயனம் படிக்க வந்தவனும் சட்டத்துக்குப் போகிறவனும் முதலாண்டிலேயே கட்டுரைப் பயிற்சி பெற வேண்டும் என்றாயிற்று. 1892-ல் ஒரு கமிட்டி, குற்றமெல்லாம் பள்ளிக்கூடங்களுடையது என்று அறிக்கை எழுதியது. கமிட்டிகள் எங்கும் ஒரே ஜாதிதான்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பாரெட் வெண்டல் என்ற ஹார்வர்டு ஆசிரியர் தம் மாணவர்களைத் தினம் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். நீளம் ஏறத்தாழ நூறு வார்த்தை. விஷயம், அன்றைக்குக் கண்ணால் கண்ட ஏதாவது ஒன்று. இன்று பார்க்கப் போவதை நேற்றே மனப்பாடம் செய்துவைக்க முடியாது அல்லவா?

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று பெரும்பாலோருக்குத் தமிழ். எந்தப் பாடம் எடுத்தவரும் இதைத் தாண்டித்தான் பட்டத்துக்குப் போக வேண்டும். எழுதப் பழக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நடப்பது என்ன? செய்யுள், உரைநடை, இலக்கிய வரலாறு என்று பாடத்திட்டம் நிரம்பி வழிகிறது. கட்டுரை என்றால் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. நோட்ஸிலிருந்து இறக்கி வைப்பது. கதைச் சுருக்கம் கேட்பார்கள். கதை உனக்குப் பிடித்ததா என்று கேட்கும் வினாத்தாளை நான் கண்டதில்லை.

பட்டதாரி வாசகர் ஒருவர் எனக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். நாவலின் நயங்களை வரிசையாகப் புகழ்ந்திருந்தார். ஒரு வாக்கியமும் அவருடையதல்ல. கையெழுத்துக்குக் கீழே, போனால் போகிறதென்று, ஒரு பின்குறிப்பு: 'கிழவி செத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.' மூன்று ஆண்டுப் படிப்பில் இந்த வரியை மேலே ஏற்று என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

அறுபது பேர் வகுப்பில் தினம் அறுபது குறிப்புகளை யார் படிப்பது என்பார்கள். நியாயம்தான். வாரம் ஒன்று போதும். எல்லாவற்றையும் திருத்தவும் வேண்டாம். சந்திப் பிழைகளுக்குச் செலவாகும் சிவப்பு மையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, உயிருள்ள ஒரு வரிக்குக் கீழே கோடிட்டு, 'இதை இன்னும் சொல்' என்று எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். மாணவன் மறுபடி எழுதுவான். அந்த இரண்டாம் முறைக்குத்தான் கால அட்டவணையில் மணி இல்லை.