வினாநிரலும் விரதமும்: வளரிளம் பெண்களின் உண்ணுதல் கோளாறுகளை அளவிடுவதில் பொருள்கோள் சிக்கல்

திறவுச்சொற்கள்: உண்ணுதல் கோளாறு, வினாநிரல், விரதம், காரைக்காலம்மையார், திருவாலங்காடு

இரத்தின சபையாகிய திருவாலங்காட்டின் நினைவில் வற்றிய உடலோடு நிலைத்திருப்பவர் காரைக்காலம்மையார். கணவன் பிரிந்தபின் தசைப்பொதியை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்றவராகப் பெரியபுராணம் அவரைக் காட்டுகிறது. சோழர்காலச் செப்புத்திருமேனிகளிலும் அவர் எலும்பும் தோலுமாகவே அமர்ந்துள்ளார். இவ்வடிவை இன்றைய உளமருத்துவக் கலைச்சொல்லால் வாசிக்கும் ஆர்வம் எழுவது இயல்பே. இத்தாலியப் பெண் புனிதர்களின் உண்ணாமையை ருடால்ஃப் பெல் 1985இல் 'புனித அனொரெக்சியா' என்றார். கரோலின் வாக்கர் பைனமோ 1987இல் வெளிவந்த தம் நூலில் அதன் பொருளை இடைக்காலச் சமயவாழ்வுக்குள்ளேயே தேடினார். அம்மையார் வரலாற்றுக்குப் பைனத்தின் வழியே பொருந்தும். அவ்வரலாறு உண்ணாமையில் தொடங்கவில்லை; அடியவர்க்குச் சோறும் மாங்கனியும் படைத்த விருந்தோம்பலில் தொடங்குகிறது. மெலிவைக் கண்ட அளவில் காரணத்தைக் கண்டதாகாது.

வளரிளம் பருவத்தினரிடம் வினாநிரல் கொண்டு உண்ணுதல் கோளாறுகளை மதிப்பிடும் ஆய்வுகளிலும் இதே வழுவைக் காணலாம். டேவிட் கார்னரும் பால் கார்ஃபிங்கலும் 1979இல் 40 வினாக்களுடன் அமைத்த உணவு மனப்பான்மைச் சோதனை, 1982இல் 26 வினாக்களாகச் சுருங்கியது. 'எப்போதும்' என்ற விடைக்கு 3, 'பெரும்பாலும்' என்பதற்கு 2, 'அடிக்கடி' என்பதற்கு 1. ஏனையவற்றுக்கு மதிப்பெண் இல்லை (ஒரு வினாவுக்கு மட்டும் இது தலைகீழ்). 20ஐ எட்டினால் மேலாய்வு தேவை. ஏழு வினாக்களுக்கு 'எப்போதும்' என்றாலே 21 ஆகிவிடும். கருவி தன்னை முதனிலைச் சல்லடை என்றே கூறிக்கொள்கிறது. அதை நோய்க்கணிப்பாக உயர்த்துவோர் அதனைப் பயன்படுத்துவோரே.

மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா இருவரும் வட இந்திய நகரொன்றில் 580 பள்ளி மாணவியரிடம் நிகழ்த்திய ஆய்வு (1989) இங்கு முதன்மையானது. 29 விழுக்காட்டினர் வரம்பைக் கடந்தனர். ஆனால் சில வினாக்களுக்கு மட்டும் விடைகள் ஒரே போக்கில் குவிந்திருந்தமையால், வினாக்கள் வேறு பொருளில் கொள்ளப்பட்டன என அவர்கள் முடிவுசெய்தனர். தென்னாப்பிரிக்காவில் டேனியல் லெ கிராஞ்ச் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, வறிய இளையோரின் உயர் மதிப்பெண்களுக்குப் பின்னால் வறுமைப் பசி இருக்கக்கூடும் என்பதை நேர்காணல் வழி காட்டியது.

தமிழில் இச்சிக்கல் இன்னும் நுண்மையானது. உண்ணாதிருத்தலுக்குத் தமிழ் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. கோப்பெருஞ்சோழனின் வடக்கிருத்தல், நேர்ந்துகொண்ட விரதம், மருந்துக்குரிய பத்தியம், இல்லாமையால் வரும் பட்டினி, அரசியல் உண்ணாநோன்பு, வீட்டில் கோபித்துக்கொண்டு சோற்றை ஒதுக்குதல், இன்றைய மாணவி சொல்லும் 'டயட்' என ஒவ்வொன்றும் வெவ்வேறு நோக்கும் மதிப்பும் உடையது. ஆங்கில வினாவிலுள்ள 'டயட்டிங்' என்பதை 'உணவுக்கட்டுப்பாடு' என்றால் சர்க்கரை நோயுள்ள பாட்டி நினைவுக்கு வருவார்; 'பத்தியம்' என்றால் பிரசவித்த அக்காள். உணவின்முன் தன்னை அடக்கிக்கொள்ளுதல் பற்றிய வினாவோ விரதச் சூழலில் நற்பண்பை வினவுவதாகவே ஒலிக்கும். 'எப்போதும்' என்று விடையளிப்பதில் பெருமையும் உண்டு. மொழிபெயர்ப்பை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும் வழக்கமான முறையில் இவ்வேறுபாடு புலப்படாது. தமிழும் தெலுங்கும் புழங்கும் திருத்தணி வட்டாரத்தில் எந்த மொழியில் வினவுவது என்பதும் தீர்க்க வேண்டியதே. ஆடிக்கிருத்திகைக்குக் காவடி நேர்ந்தவள் ஆடியில் நிரப்பும் படிவமும் ஆனியில் நிரப்பும் படிவமும் ஒன்றாகா.

எனினும் எல்லாவற்றையும் பண்பாடு என ஒதுக்குவது அதனினும் தீங்கானது. எடை குறைக்க விரும்பும் சிறுமிக்கு விரதம் யாரும் வினவாத மறைப்பாகலாம். உடல் பருமனுக்கு அஞ்சாமல், வயிற்று உப்புசம், பசியின்மை என்று கூறிய நோயாளிகளை ஹாங்காங்கில் சிங் லீ 1990களில் விளக்கினார். பருமன் அச்சத்தை மையமாகக் கொண்ட வினாநிரல் இத்தகையோரைத் தவறவிடும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5, அவ்வச்சம் வெளிப்படாவிடினும் எடை கூடுவதைத் தடுக்கும் தொடர்நடத்தையே போதும் என ஏற்றது. சென்னை உளமருத்துவர் டி. என். சீனிவாசன் குழுவினர் 1998இல் இந்தியச் சூழலுக்கெனவே ஒரு வினாநிரலை உருவாக்க முற்பட்டது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அம்முயற்சி பள்ளிப் பருவத்தினரின் பேச்சுத்தமிழுக்கு விரிவுபெற வேண்டும்.

அவ்விரிவாக்கத்திற்கான குறிப்பு விரத மரபிலேயே உள்ளது. விரதத்திற்குப் பாரணை உண்டு. நாள் முடிந்ததும் உணவு திரும்புகிறது, வீட்டாரும் உடன் உண்கின்றனர். ஆகவே 'உண்ணாமல் இருக்கிறாயா' என்பதோடு நில்லாமல், விரதம் முடிந்த அன்று என்ன உண்டாள், யாருடன் உண்டாள், உண்டபின் அச்சமோ குற்றவுணர்வோ தோன்றியதா, அடுத்த விரதத்தைத் தானே முன்கூட்டிக்கொண்டாளா என்பனவும் நேர்காணலில் வினவப்பட வேண்டும்.